அமைதியா இருக்கேன்னு நினைச்சிட்டிருந்தேன்



உங்க போனுக்கும் வந்திருக்கும். கறுப்புப் பின்னணி, நடுவுல தாடி வெச்ச ஒரு பளிங்குச் சிலை, கீழே வெள்ளை எழுத்துல ரெண்டு வரி. உன் கையில் இல்லாததை விட்டுவிடு, எதற்கும் கலங்காதே, இந்த மாதிரி. பின்னாடி மெதுவா ஒரு பியானோ. மேலே ‘ஸ்டாயிக் தத்துவம்’னு தலைப்பு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் வாரத்துக்கு மூணாவது என் ஸ்டேட்டஸ்ல ஓடும். காதல் தோல்வி, வேலைல திட்டு, இன்டர்வியூவுக்குப் போயிட்டு வந்து பதிலே இல்லாத மெயில், எல்லாத்துக்கும் அதுவே மருந்து. உண்மையைச் சொன்னா கொஞ்சம் வேலையும் செஞ்சுது.

அப்புறம் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துச்சு. ஆஸ்பத்திரில சேர்த்து, மறுநாள் காலைல பைபாஸ் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. ஐசியூ வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. அம்மா அதுல ஒண்ணுல உக்காந்து முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரிச்சிட்டு இருந்தாங்க. அக்கா மருந்துச் சீட்டோட பார்மசிக்கும் பில் கவுன்ட்டருக்கும் நடந்துட்டே இருந்தா. எனக்கு அங்க நிக்க முடியல. அந்த டெட்டால் வாசனை, கதவு திறக்கறப்போ உள்ள கேக்கற பீப் சத்தம். டாக்டருங்க பாத்துக்கறாங்க, நான் நின்னு என்ன ஆகப்போகுது, இது என் கையில இல்லாத விஷயம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு கீழே இறங்கிட்டேன். டீக்கடைப் பக்கத்துல பைக் மேல உக்காந்தேன். மனசு அமைதியா இருக்கட்டும்னு போனை சைலன்ட்ல போட்டேன்.

திரும்பி எடுத்துப் பாக்கறப்போ அக்காகிட்ட இருந்து பதினோரு மிஸ்டு கால். ரெண்டு யூனிட் ரத்தத்துக்கு ஆள் வேணும்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. என் குரூப்பும் அப்பா குரூப்பும் ஒண்ணு. நான் மேல ஓடறதுக்குள்ள பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கொடுத்துட்டுப் போயிருந்தார்.

அப்பா பிழைச்சுட்டார், நல்லா இருக்கார். ஆனா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு, அன்னிக்கு நான் எவ்வளவு அமைதியா இருந்தேன்னு யார்கிட்டயோ போன்ல சொல்லிட்டு இருந்தேன். தோசை ஊத்திக்கிட்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னா, “அமைதியா இருந்தியாம்ல. அங்க இருந்தாத்தானேடா!”

அது குத்துச்சு. அந்தக் கோபத்துலதான், அக்கா சொன்னது தப்புன்னு நிரூபிக்கணும்னே, ரீல்ஸை விட்டுட்டு புத்தகங்களைத் தேடிப் படிச்சேன். நிரூபிக்க முடியல. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல இவங்க யாருன்னு சுருக்கமா. கிமு 300 வாக்கில ஏதென்ஸ் நகரத்துல ஜீனோன்னு ஒருத்தர் பாடம் சொல்ல ஆரம்பிச்சார். சைப்ரஸ் தீவுக்காரர், வியாபாரி. கப்பல் கவிழ்ந்து சரக்கெல்லாம் போய், ஏதென்ஸ்ல ஒரு புத்தகக்கடைல உக்காந்து சாக்ரடீஸ் பத்திப் படிச்சுத்தான் இந்தப் பக்கம் வந்தார்னு பழைய கதை ஒண்ணு இருக்கு. அவர் பாடம் நடத்தின இடம் சந்தைக்குப் பக்கத்துல ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபம். கிரேக்கத்துல அந்த மாதிரி மண்டபத்துக்கு ஸ்டோவான்னு பேர். அதிலிருந்து வந்ததுதான் ஸ்டாயிக். பேரே ஒரு பொது மண்டபத்தோட பேரு, கவனிச்சீங்களா? போறவன் வர்றவன் எல்லாம் நிக்கற இடம். கதவைச் சாத்திக்கிட்டு கண்ணை மூடற ஆளுங்க இல்ல இவங்க.

பின்னாடி ரோம்ல மூணு பேர். செனெகா, நீரோ மன்னனுக்கு ஆலோசகர், பெரும் பணக்காரர், கடைசில அதே நீரோவோட கட்டளையால கிபி 65ல உயிரை விட்டவர். எளிமை பத்தி எழுதிக்கிட்டே சொத்து சேர்த்தவர்னு அப்பவே அவரைத் திட்டினாங்க. மார்க்கஸ் அரேலியஸ், 161 முதல் 180 வரைக்கும் ரோம் பேரரசர். இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்தவர் எபிக்டீட்டஸ். எனக்குப் பிடிச்ச ஆள் அவர்தான். அடிமையாப் பிறந்தவர், கால் ஊனம். இன்னிக்கு துருக்கில இருக்கற ஹியராபோலிஸ் அவர் ஊர். பின்னாடி விடுதலை கிடைச்சு ரோம்ல பாடம் சொன்னார். தத்துவம் சொல்ற ஆளுங்களை எல்லாம் டொமிஷியன் மன்னன் விரட்டினப்போ கிரேக்கத்துல நிக்கோபோலிஸ்ங்கற ஊருக்குப் போய்ப் பள்ளி வெச்சார். அவர் கைப்பட ஒரு வரியும் எழுதல. அரியன்னு ஒரு மாணவர் கேட்டதை எல்லாம் குறிப்பெடுத்து வெச்சார். அதோட சுருக்கத்துக்கு கிரேக்கத்துல என்ன பேர் தெரியுமா? கைக்குள்ள அடங்கறதுன்னு அர்த்தம் வர்ற பேர். நம்ம ‘கையேடு’ங்கற வார்த்தையேதான்.

அந்தக் கையேட்டோட முதல் பாடம்தான் ரீல்ஸ்ல வர்ற ‘கையில் இருப்பது, இல்லாதது’. ஆனா அவர் கையில இருக்கறதுன்னு எதைச் சொல்றார்னு பாருங்க. ஒரு விஷயத்தை நாம எப்படி எடுத்துக்கறோம், எதை விரும்பறோம், எதை வேண்டாம்னு ஒதுக்கறோம், எதுக்கு முயற்சி எடுக்கறோம். இவ்வளவுதான் நம்முடையது. உடம்பு, சொத்து, பேரு, பதவி எதுவும் முழுசா நம்ம வசம் இல்ல.

இதுல முயற்சி கையில இருக்கற பக்கம்தான் வருது. ரீல்ஸ்ல அது காணாமப் போயிடுது. அங்க கடைசில மிஞ்சறது ‘விட்டுடு’ங்கற ஒரே வார்த்தை. ஸ்டாயிக் ஆளுங்க சொல்ற ஒரு உவமையை சிசரோ எழுதி வெச்சிருக்கார். வில்லெடுத்தவன் குறி பாக்கறதுக்கு வேண்டிய அத்தனையும் செய்யணும். அம்பு போய்த் தைக்கறது நடந்தா நல்லது, ஆனா அவன் வேலை நல்லா எய்யறதோட முடிஞ்சுடுது. வில்லையே கீழே போட்டுட்டு ‘காத்து என் கையில இல்லப்பா’ன்னு டீ குடிக்கப் போறவனுக்கு இந்த உவமைல இடமே இல்ல.

இன்டர்வியூவுக்கு இதை வெச்சுப் பாருங்க. நல்லாப் படிச்சுட்டுப் போறது, நேரத்துக்குப் போறது, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றது உங்க அம்பு. செலக்ட் பண்றது அவங்க விஷயம். மூணு நாளா மெயிலைத் திறந்து திறந்து பாக்கறது ரெண்டுலயும் சேராது, சும்மா ஒரு வலி. மெசேஜ்ல ரெண்டு நீல டிக் விழுந்தும் பதில் வராம இருக்கறதும் இதே கதைதான். இதுவரைக்கும் யாருக்கும் சண்டை இல்ல. 1950கள்ல ஆல்பர்ட் எல்லிஸ்ங்கற அமெரிக்க மனநல நிபுணர் தன்னோட சிகிச்சை முறையை உருவாக்கினப்போ எபிக்டீட்டஸ்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டதா அவரே சொல்லியிருக்கார். இன்னிக்குக் கவுன்சிலிங்ல ‘நடந்தது வேற, அதைப் பத்தி நீங்க நினைக்கறது வேற’ன்னு பிரிச்சுக் காட்டறாங்களே, அந்த வேர் இங்க இருந்து வந்ததுதான்.

சரி, பயம் வந்தா? எனக்கு அன்னிக்கு வந்தது பயம்தான். அமைதின்னு பேர் வெச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். பயந்தா நாம ஸ்டாயிக் இல்லன்னு ஒரு நினைப்பு. ஆலஸ் ஜெல்லியஸ்னு ஒரு ரோமானிய எழுத்தாளர் ஒரு கப்பல் பயணத்தைச் சொல்றார். கிரேக்கத்துல இருந்து இத்தாலிக்குப் போறாங்க. ராத்திரி பயங்கரப் புயல். கப்பல்ல ஏதென்ஸ்ல பேர் பெற்ற ஒரு ஸ்டாயிக் ஆசிரியரும் இருந்தார். இவர் எப்படி இருக்கார் பாப்போம்னு ஜெல்லியஸ் தேடிப் பாத்தா, மத்தவங்க மாதிரி கத்தி அழல, ஆனா முகம் வெளுத்துப் போயிருக்கு. புயல் அடங்கினதும் பணக்காரன் ஒருத்தன் கிண்டல் பண்றான். என்ன சாமி, நான் பயப்படல, நீங்க வெளுத்துட்டீங்களேன்னு. அவனுக்குச் சுருக்குன்னு ஒரு பதில் கொடுத்து அனுப்பிட்டார். ஜெல்லியஸ் பணிவாக் கேட்டப்போ, பையில இருந்து எபிக்டீட்டஸோட அஞ்சாவது புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தப் புத்தகம் இன்னிக்கு நமக்குக் கிடைக்கல. ஜெல்லியஸ் எடுத்துச் சொன்ன அந்தப் பகுதிதான் மிச்சம். அதோட சாரம் இது: இடி இடிச்சா ஞானிக்கும் உடம்பு தூக்கிப் போடும், முகம் வெளுக்கும். அது யார் கையிலயும் இல்ல. அதுக்கப்புறம் ‘ஆமா, எல்லாம் முடிஞ்சுபோச்சு’ன்னு மனசு தலையாட்டுதா இல்லையாங்கறதுதான் கேள்வி.

அப்போ ஐசியூ வாசல்ல கால் நடுங்கினது தப்பே இல்ல. நடுங்கிக்கிட்டே நின்னிருக்கலாம். நான் போயிட்டேனே!

இப்ப என் வாயை அடைச்ச பகுதிக்கு வர்றேன். அரியன் எழுதின குறிப்புகள்ல முதல் புத்தகம், பதினோராவது அத்தியாயம். ஒரு அரசாங்க அதிகாரி எபிக்டீட்டஸைப் பாக்க வர்றார். குடும்பம் எப்படின்னு கேட்டா, பிள்ளைங்களாலே நான் படற பாடு சொல்லி மாளாதுங்கறார். கொஞ்ச நாள் முன்னாடி அவரோட சின்னப் பொண்ணுக்கு உடம்பு மோசமாயிடுச்சாம். பாக்கப் பொறுக்காம வீட்டை விட்டே ஓடிட்டாராம். குழந்தை தேறிடுச்சுன்னு ஆள் வந்து சொன்ன பிறகுதான் திரும்பினாராம். பாசத்துனாலதான் அப்படி, அப்பனா இருக்கறவனுக்கு அது இயற்கைதானேன்னு கேக்கறார்.

எபிக்டீட்டஸ் திட்டல. கேள்வியாக் கேக்கறார். அந்தக் குழந்தையோட அம்மாவுக்குப் பாசம் உண்டா? உண்டு. அப்ப அவங்களும் ஓடியிருக்கணுமா? கூடாது. வளர்த்த தாதிக்குப் பாசம் உண்டா? உண்டு. அவளும் போயிருக்கணுமா? கூடாது. குழந்தையைக் கவனிச்சுக்கற வேலையாள்? அவனும்தான். அப்போ பாசம் இருக்கற எல்லாரும் பாசத்தாலேயே கிளம்பிப் போய், அந்தக் குழந்தை பாசமே இல்லாத யாரோ கையில கிடந்து சாகறதுதான் முறையா? உனக்கு உடம்பு முடியாமப் போனா உன்மேல பிரியமா இருக்கறவங்க எல்லாம் இதே மாதிரி பிரியத்தால உன்னைத் தனியா விட்டுட்டுப் போகணும்னு ஆசைப்படுவியா?

அதிகாரிக்குப் பதில் இல்ல. எனக்கும்தான்.

உறவுகளே, ரீல்ஸ்ல வர்ற பளிங்கு முகத்தை நம்பி நான் கீழே இறங்கிப் போனேன். அந்தத் தத்துவத்தோட ஆசான் ஒருத்தர் சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே, கிட்டத்தட்ட என்னை மாதிரியே ஒருத்தனைப் பிடிச்சு உக்கார வெச்சு, அது பாசமும் இல்ல தைரியமும் இல்லன்னு சொல்லியிருக்கார். அப்பா பிழைக்கறது என் கையில இல்லங்கறது சரி. அம்மா பக்கத்துல உக்காந்திருக்கறது? போனை எடுக்கறது? கையை நீட்டி ரத்தம் கொடுக்கறது? அத்தனையும் என் கையிலதான் இருந்துச்சு. பெரிசு ஒண்ணு கையில இல்லன்னு சொல்லி, கையில இருந்த சின்னச் சின்னது எல்லாத்தையும் சேர்த்துப் போட்டுட்டேன்.

இன்னொரு தப்பும் பண்ணியிருக்கேன். என் கூட்டாளி ஒருத்தனுக்கு வேலை போனப்போ, அவன் மெசேஜ் போட்ட பத்தாவது நிமிஷம் ஒரு பளிங்குச் சிலைப் படத்தை அனுப்பினேன். அவன் அதுக்கு ஒரு கட்டை விரல் போட்டான். அதோட சரி, அப்புறம் மாசக்கணக்கா பேச்சில்ல. இந்தப் பாடம் நமக்கு நாமே சொல்லிக்கறதுக்கு. அடுத்தவன் தலைல போடறதுக்கு இல்ல. கையேட்டுலயே இது இருக்கு. துக்கத்துல அழறவனைப் பாத்தா அவனுக்கு ஆறுதலாப் பேசு, தேவைப்பட்டா அவனோட சேர்ந்து நீயும் கண்ணீர் விடுங்கறார். ஆனா உள்ளுக்குள்ள மட்டும் அழாதேன்னு ஒரு கட்டுப்பாடு வெக்கறார். வெளியே அழு, உள்ளே அழாதேன்னா நடிப்பு இல்லையா அது? நான் இதைப் பல தடவை யோசிச்சுட்டேன். எனக்கு இன்னும் ஜீரணமாகல.

மார்க்கஸ்கிட்டயும் இப்படி ஒரு இடம். டான்யூப் நதிக்கரைப் போர் முகாம்கள்லயும் உக்காந்து தனக்குத்தானே குறிப்பு எழுதின ராஜா அவர். காலைல எழுந்திருக்க மனசில்லாம படுக்கையோட மல்லுக்கட்டறதைக்கூட எழுதியிருக்கார், படிச்சா சிரிப்பு வரும், நம்மாளுன்னு தோணும். ஒன்பதாவது புத்தகத்துல வேண்டுதல் பத்திப் பேசறார். ஒருத்தன் என் குழந்தையை இழக்காம இருக்கணும்னு வேண்டிக்கறான், நீ அந்த இழப்பைக் கண்டு பயப்படாம இருக்கணும்னு வேண்டிக்கோங்கற அர்த்தத்துல. முதல்ல படிச்சப்போ கல் நெஞ்சுக்காரன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவர் பெத்த பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல சின்ன வயசுலயே போயிடுச்சு. அவர் காலத்துல கொள்ளைநோய் வேற. புதைச்சுப் புதைச்சு வந்த ஒரு அப்பாவோட வார்த்தை அது. இருந்தாலும் என்னால அப்படி வேண்ட முடியாது. அன்னிக்கு அம்மா உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அவர் பிழைக்கணும்னுதான் வேண்டியிருப்பாங்க. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ரெண்டையும் வேண்டலாமேன்னுதான் எனக்குத் தோணுது.

அதே மார்க்கஸ் சின்ன வயசுல தன்னை வளர்த்த ஆசிரியர் இறந்தப்போ அழுதாராம். அரண்மனை ஆளுங்க அடக்கப் பாத்திருக்காங்க. அவரை வளர்ப்பு மகனா எடுத்திருந்த பேரரசர் அன்டோனினஸ் பயஸ், விடுங்க அவனை, தத்துவமும் ராஜ்யமும் மனுஷனோட பாசத்தை அழிச்சிடாதுங்கற மாதிரி சொன்னதா ஒரு பழைய வரலாற்று நூல் சொல்லுது. இந்தக் காட்சியை யாரும் ரீல்ஸ் போட மாட்டேங்கறாங்க.

இன்னொரு ஸ்டாயிக்கைப் பத்தி சொல்லியே ஆகணும், பேரு ஹியராக்ளீஸ். ஒவ்வொருத்தரையும் சுத்தி வட்டம் வட்டமா உறவுகள் இருக்குங்கறார். நடுவுல நம்ம மனசு, அடுத்து பெத்தவங்க, கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க, அப்புறம் மாமா அத்தை, சொந்தபந்தம், ஊர்க்காரங்க, நாடு, கடைசி வட்டத்துல மொத்த மனுஷ ஜாதி. நம்ம வேலை வெளி வட்டத்துல இருக்கறவங்களை ஒரு வட்டம் உள்ளே இழுக்கறது. அதுக்கு வழி? கூப்பிடற பேரை மாத்துங்கறார். ஒண்ணுவிட்ட சகோதரனை சகோதரன்னே கூப்பிடு, பெத்தவங்களோட கூடப்பிறந்தவங்களை அப்பா அம்மான்னு கூப்பிடு. படிச்சுட்டு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா! நம்ம வீட்டுப் பாட்டிங்க எந்தப் புத்தகமும் படிக்காம இதைப் பண்ணிட்டு இருக்காங்க. டீக்கடைல முன்னப்பின்ன தெரியாதவரை ‘அண்ணே, ஒரு டீ’ங்கறோம். கூப்பிடறது என்னவோ சுலபமா வந்துடுது. அன்னிக்கு ராத்திரி ரத்தம் கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணன் எனக்கு எத்தனையாவது வட்டம்? அவர் எங்க அப்பாவை எந்த வட்டத்துல வெச்சிருந்தார்?

இப்பல்லாம் ஸ்டேட்டஸ் போடறதில்ல. செனெகா சொன்ன ஒரு பழக்கம் மட்டும் பிடிச்சுக்கிட்டேன். விளக்கை அணைச்சு, மனைவி பேச்சை நிறுத்தின பிறகு, அன்னிக்குச் செஞ்சது பேசினது எல்லாத்தையும் ஒண்ணு விடாம எடுத்துப் பாப்பாராம், மறைக்காம, ஆனா தன்னைத்தானே மன்னிச்சுக்கிட்டு. எனக்கு மனைவி இல்ல, போன்தான் பேசிக்கிட்டே இருக்கும். அதை ஹால்ல சார்ஜ்ல போட்டுட்டு வந்து படுத்து, இன்னிக்கு எதை ‘என் கையில இல்ல’ன்னு சொல்லித் தட்டிக் கழிச்சேன்னு யோசிப்பேன். பாதி நாள் யோசிக்கறதுக்குள்ள தூங்கிடறேன். மீதி நாள்ல ஒண்ணு ரெண்டு மாட்டும். அப்படி ஒரு ராத்திரி மாட்டினவன்தான் அந்தக் கூட்டாளி. மறுநாள் படம் எதுவும் அனுப்பல, நேரா அவன் ரூமுக்கே போனேன். அவன் வேலை பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. பரோட்டா வாங்கிட்டு வந்து சாப்பிட்டோம். ராத்திரி ரெண்டு மணிக்கு அவனே பேசினான்.

வர்ற புதன்கிழமை அப்பாவுக்கு செக்கப். காலைல ஆறரைக்கே போனாத்தான் முதல் பத்துக்குள்ள டோக்கன் கிடைக்கும். ஃபைல், பழைய ஈசிஜி, மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைல எடுத்து வெச்சாச்சு. ரிப்போர்ட் எப்படி வரும்னு வயித்துல ஒரு கலக்கம் இருக்கத்தான் செய்யுது. அக்கா நேத்து போன் பண்ணி, “நீ கூடப் போறியா, இல்ல நான் லீவு போடவா?”ன்னு கேட்டா. நான் போறேன்னு சொன்னேன்.

“சரி. போனை சைலன்ட்ல போட்டுடாதே”ன்னா.